பக்கத்து வளாகத்தில் தினமும் பெட்ரோல் ப்ளோயர் வைத்து சருகு ஊதுகிறார்கள், இதை எப்படி நிறுத்துவது?

பார்வதிபுரம்வாசி கேட்டது:

நாகர்கோவிலில் பார்வதிபுரம் பக்கம் இருக்கிறோம். எங்கள் மதிலை ஒட்டி ஒரு வில்லா வளாகம் வந்திருக்கிறது, பெயர் வேண்டாம். கட்டும்போது பழைய அயினி, பிலா, மாமரங்களை வெட்டாமல் விட்டார்கள், அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை இருந்தது. இப்போது அந்த மரங்கள் உதிர்க்கும் சருகை ஒதுக்க முதுகில் மாட்டும் பெட்ரோல் ப்ளோயர் வாங்கியிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் எட்டு, எட்டரை வரை ஓடும், சில நாள் மாலையிலும் ஓடும். முன்பு இரண்டு அக்காமார் ஈர்க்கில் வாரியலோடு (துடைப்பம்) வந்து பாதை முழுவதும் தூத்து (பெருக்கி) வாரிவிட்டுப் போவார்கள், அவர்கள் வந்ததே தெரியாது. இப்போது அவர்களை நிறுத்திவிட்டு ஒரு பையனையும் ஒரு மெஷினையும் வைத்திருக்கிறார்கள்.

என் மாமியாருக்கு ஆஸ்துமா. சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறோம், இருந்தாலும் தூசி வருகிறது. காயப்போட்ட துணி, கிணற்று வலை, வண்டி சீட் எல்லாவற்றிலும் மாவு சலித்துவிட்டது மாதிரி படிகிறது. பெட்ரோல் வாடை வேறு. மகன் பன்னிரண்டாம் வகுப்பு, காலையில்தான் உட்கார்ந்து படிப்பான், கதவைச் சாத்தினாலும் அந்த இரைச்சல் சுவர் வழியாக வருகிறது என்கிறான்.

வளாகத்துச் சங்கத்தில் போய்ப் பேசினேன். "வெறும் காற்றுதானே ஊதுகிறோம், மருந்தா அடிக்கிறோம்?" என்று கேட்டார்கள். மறுபடி போய் உட்காரும்போது சரியான விவரத்தோடு போக வேண்டும். உண்மையில் இது உடம்புக்கு எவ்வளவு கெடுதல், சத்தத்துக்கு நம் ஊரில் சட்டம் ஏதாவது இருக்கிறதா, பேட்டரி மெஷினுக்கு மாறச் சொன்னால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆசாரிப்பள்ளம் சிஸ்டர் எழுதியது:

அக்கா, "வெறும் காற்று" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்தவள், மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ப்ளோயர் முனையிலிருந்து வரும் காற்றின் வேகம் பல மாடல்களில் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்துக்கு சருகு மட்டும் நகராது, தரையில் கிடக்கும் எல்லாமே கிளம்பும். தரையில் என்ன கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: நாய், பூனை, பறவைகளின் காய்ந்த எச்சம், வண்டி பிரேக்கும் டயரும் தேய்ந்த பொடி, கொசுவுக்கும் கரையானுக்கும் அடித்த மருந்தின் மிச்சம், பூந்தாது, அப்புறம் பூஞ்சணத்தின் வித்து. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஆனி ஆடியிலும் பெய்யும், ஐப்பசி கார்த்திகையிலும் பெய்யும், அதனால் சருகுக் குவியலின் அடியில் எப்போதும் ஈரமும் பூஞ்சணமும் இருக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்தப் பூஞ்சண வித்து ரொம்பவே ஆகாது. பெரிய தூசி மூக்கிலேயே நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் கீழேயும் படிந்துவிடும். நுண்துகள் அப்படி இல்லை. அது வெகுநேரம் மிதக்கும், ஜன்னல் இடுக்கு வழியாகவும் வரும், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போகும். உங்கள் துணியில் படிவது கண்ணுக்குத் தெரிகிற பெரிய தூசி, மாமியாரைப் படுத்துவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது.

அடுத்தது புகை. இந்த மெஷின்களில் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான், பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றுவார்கள். பழைய மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியே வந்துவிடும். நீங்கள் சொல்லும் பெட்ரோல் வாடை அதுதான். அதில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பொருள். கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறது: தொழில்முறை ப்ளோயர் ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டினால், புகைமூட்டம் உண்டாக்கும் வாயுக்களை மட்டும் பார்த்தால், 2016 மாடல் டொயோட்டா கேம்ரி கார் சுமார் 1,770 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடி திருச்சி வரை போகும் தூரம் அது. உங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரத்தில் அவ்வளவும் வெளிவருகிறது. சங்கத்தில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மாமியாருக்கு இப்போதைக்கு: மெஷின் ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், நின்றதும் உடனே திறக்காதீர்கள், நேரம் போகட்டும். வீட்டுக்குள் படிந்ததைப் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் அதே தூசி மறுபடி மேலே வரும். எந்த நாள் எத்தனை மணிக்கு மெஷின் ஓடியது, அம்மாவுக்கு எப்போது இழுப்பு வந்தது, இன்ஹேலர் எத்தனை தடவை தேவைப்பட்டது என்று நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டரிடம் காட்டவும் உதவும், மனு கொடுக்கவும் உதவும். இன்ஹேலர் அளவை டாக்டரைக் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.


மார்த்தாண்டம் தம்பி எழுதியது:

நான் இந்த மெஷின் தூக்குகிறவன். ரிசார்ட், கல்யாண மண்டபம் என்று கான்ட்ராக்டில் போவோம். அக்கா தயவுசெய்து அந்தப் பையனிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவன் சொன்ன வேலையைச் செய்கிறான். உங்களுக்கு மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது அவனுக்கு முதுகிலேயே இருக்கிறது. வேலை முடித்து வந்தால் காதில் ஒரு ரீங்காரம், ராத்திரி படுக்கும்போதுதான் அது நன்றாகத் தெரியும். கை மரத்துப்போகும். சட்டையில் பெட்ரோல் வாடை, துப்பினால் கறுப்பாக வரும். எங்கள் கான்ட்ராக்டர் இதுவரை காதுக்கு ஒன்றும் தந்ததில்லை, முகத்துக்குக் கட்டுவது எங்கள் சொந்தத் துவர்த்துதான் (துண்டு), அது நுண்தூசியை நிறுத்தாது என்று எனக்கும் தெரியும்.

இன்னொன்று, வேலை சீக்கிரம் முடிகிறது என்று முதலாளிமார் நினைக்கிறார்கள். காய்ந்த சருகு, சிமெண்ட் தரை என்றால் சரி. நம் ஊரில் வருஷத்தில் பாதி மாதம் தரை ஈரம். நனைந்த பிலா இலை தரையில் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு ஊதினாலும் வராது, முழு ரேஸ் கொடுத்து ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும், சத்தமும் புகையும் அப்போதுதான் அதிகம். ஒருவழியாக ஒரு மூலைக்கு ஒதுக்கினாலும் அள்ளுவது கையால்தான். இடையில் காற்று திரும்பினால் பாதி சருகு பக்கத்து வீட்டுக்குப் போகும். ஆரல்வாய்மொழிக் காற்று வீசும் மாதங்களில் இந்த மெஷினை எடுப்பதில் அர்த்தமே இல்லை.


குலசேகரம் விளைக்காரன் எழுதியது:

சருகை ஏன் விரட்ட வேண்டும் என்று முதலில் கேளுங்கள். எங்கள் ரப்பர் விளையில் மார்கழி, தை மாதங்களில் மொத்த இலையும் கொட்டி முழங்கால் வரை சருகாகக் கிடக்கும், யாரும் தூத்துவதில்லை. அதுதான் வெயிலில் மண்ணைக் காக்கிறது, அடுத்த மழையில் மேல்மண் ஓடாமல் பிடிக்கிறது. கையால் விலக்கிப் பாருங்கள், அடியில் மண் குளிர்ந்து, மண்புழுவும் மரவட்டையும் சின்னச் சின்னப் பூச்சிகளுமாக இருக்கும். அவற்றைத் தின்னத்தான் தவிட்டுக்குருவி கூட்டமாக வந்து கிளறுகிறது. அந்த இடத்தில் 250 கிலோமீட்டர் வேகக் காற்றை அடித்தால் பூச்சியும் போகும், முட்டையும் போகும், மேலே இருக்கிற நல்ல மண்ணும் போகும். 2019-ல் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகமே, பூச்சிகள் குறைந்துகொண்டு வருகின்றன, தவிர்க்க முடியாத இடம் தவிர ப்ளோயரை எடுக்காதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது.

இங்கே கிராமத்தில் இன்னொரு பழக்கம் பார்க்கிறேன், அதைச் சொல்லாமல் விட முடியாது. ரப்பர் துளிர்க்கும் நேரத்தில் சாம்பல் நோய்க்கு கந்தகப் பொடி தூவும் மெஷினும், மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயரும் இருக்கிறதல்லவா, அதையே டாங்கைக் காலி செய்துவிட்டு முற்றத்துச் சருகு ஊத எடுக்கிறார்கள். குழாயிலும் டாங்கிலும் ஒட்டியிருக்கும் பொடியும் மருந்தும் குழந்தைகள் விளையாடும் முற்றத்தில்தான் போய் விழும். "மருந்தா அடிக்கிறோம்" என்று கேட்டார்களாமே, சில வீட்டில் உண்மையிலேயே மருந்தும் சேர்ந்துதான் அடிக்கிறார்கள்.

வளாகத்தில் மரம் இருக்கிறதென்றால் மண்ணும் இருக்கும். நடக்கிற பாதையையும் வீட்டுப் பக்கத்தையும் மட்டும் வாரியலால் தூத்தினால் போதும், மிச்சத்தை மரத்து மூட்டிலேயே, அதாவது அடியிலேயே, போடலாம். தென்னை என்றால் மூட்டைச் சுற்றி ஆறடி வட்டத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம், கோடையில் தண்ணீர் ஊற்றுவது நன்றாகக் குறையும். மீதி இருந்தால் குழி எடுத்து சாணித் தண்ணீர் தெளித்து மக்க வைக்கலாம். குழியை அவ்வப்போது கிளறிவிட வேண்டும், அப்படியே விட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு அப்புறம் தென்னைக்கே வினையாகும்.

சருகு கிடந்தால் கொசு வரும் என்பார்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும். கவிழ்க்காத சிரட்டை, ரப்பர்ப் பால் எடுக்கும் கப், பூந்தொட்டித் தட்டு, இவற்றைப் பார்த்துக் கவிழ்த்தாலே பெரிய வேலை முடிந்தது. பாம்பு பயம் நியாயம்தான், அதனால் வீட்டைச் சுற்றிப் பத்தடி சுத்தமாக இருக்கட்டும். ப்ளோயர் வேண்டாமென்றால் எரித்துவிடுகிறோம் என்று அவர்கள் எக்காரணம் கொண்டும் ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் மாமியாருக்கு அது இதைவிட மோசம். குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே உத்தரவு போட்டிருக்கிறது.


அடுக்ககச் செயலாளர் எழுதியது:

மறுபக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் வடசேரி பக்கம் ஒரு அடுக்ககத்தில் செயலாளர். தூத்து வார ஆள் கிடைப்பது நிஜமாகவே கஷ்டம். வருகிற அக்காமாருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கிறது, குனிந்து குனிந்து இடுப்பு வலி என்று பாதியில் நின்றுவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் நாங்களும் மெஷின் பக்கம் போனோம், யாரையும் தொல்லை செய்ய அல்ல. பெட்ரோல் மெஷினுக்குப் பதில் பேட்டரி வாங்கினோம். புகை இல்லை, சத்தமும் கணிசமாகக் குறைவு. குடியிருப்பவர்கள் யாரும் இப்போது புகார் சொல்வதில்லை. எல்லா ப்ளோயரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.


ஆசாரிப்பள்ளம் சிஸ்டர் எழுதியது:

சார், பேட்டரிக்கு மாறியது நல்லதுதான், புகை போய்விட்டது. ஆனால் நான் மேலே எழுதிய தூசிக் கதை முழுவதும் பேட்டரி மெஷினுக்கும் அப்படியே பொருந்தும், காற்று அதே காற்றுதான். இடுப்பு வலிக்கு மெஷின் மட்டும்தானா வழி? ஈர்க்கில் வாரியலில் இடுப்பு உயரத்துக்குக் கம்பு கட்டிக் கொடுங்கள், நீளக் கைப்பிடி வைத்த ரேக் ஒன்று வாங்குங்கள், நேராக நின்றே ஒதுக்கலாம். அள்ள ஒரு தள்ளுவண்டி. இவ்வளவும் சேர்ந்து ஒரு ப்ளோயர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அறுபது வயதுக்காரரைக் குட்டைத் துடைப்பத்தோடு நாள் முழுக்கக் குனிய வைத்தது நம் தவறு, அதற்குத் தண்டனையாக அவர்கள் வேலையைப் பிடுங்குவது என்ன நியாயம்?


தக்கலை வக்கீல் எழுதியது:

சட்டப் பக்கம் நான் சொல்கிறேன். ப்ளோயர் என்று பெயர் சொல்லித் தடை செய்யும் விதி எதையும் நம்பி இறங்க வேண்டாம், இரைச்சல் விதிகளைப் பிடியுங்கள். ஒலி மாசு விதிகள், 2000 என்று மத்திய அரசு கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அப்படி அறிவித்த இடத்தில் பகலில் 50. அனுமதித்த அளவைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினால் புகார் கொடுக்கலாம். இது ஒரு நொடியில் எகிறும் அளவல்ல, ஒரு நேரத்துக்கான சராசரி என்பதை நினைவில் வையுங்கள், ஆனால் உங்கள் விஷயத்தில் மெஷின் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடுகிறதே.

பெட்ரோல் ப்ளோயர்கள் 15 மீட்டர் தூரத்தில் 65 முதல் 75 டெசிபல் வரை கொடுப்பது சாதாரணம். உங்கள் மதிலை ஒட்டி என்றால் அதைவிடக் கூடும். ஓட்டுகிறவர் காதருகே 95, 100 வரை போகும். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மார்த்தாண்டம் தம்பி, இது உனக்குத்தான், காதை ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடு, ரீங்காரம் சும்மா வருவதில்லை. கான்ட்ராக்டரிடம் காது மூடி கேட்பது உன் உரிமை. மகன் சொல்வதும் சரிதான் அக்கா, இந்த எஞ்சின் இரைச்சலில் தாழ்ந்த அதிர்வெண் அதிகம், அது சுவரையும் சாத்திய ஜன்னலையும் எளிதாகக் கடக்கும்.

புகாரை யாரிடம் கொடுப்பது? அந்த விதிகளின்படி மாவட்ட ஆட்சியர், அல்லது டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத காவல் அதிகாரி. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நடக்கவில்லையென்றால் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 152-வது பிரிவு இருக்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், உத்தரவு போடலாம். அதற்கு ஒரு வீட்டுப் பிரச்சினையாக இருந்தால் போதாது, அக்கம்பக்கத்தில் பலருக்கும் தொல்லை என்று காட்ட வேண்டும். ஆகவே தெருவில் இருப்பவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். போனில் டெசிபல் ஆப் வைத்து எடுத்த அளவு சாட்சியாக நிற்காது, ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை முறைப்படி அளக்கச் சொல்லிக் கேட்பதற்கு அது போதும்.

வெளிநாட்டு உதாரணம் கேட்டால் சொல்லுங்கள்: கலிஃபோர்னியாவில் கார்மெல் என்ற சிறிய ஊர் 1975-லேயே ப்ளோயருக்குத் தடை போட்டது. வாஷிங்டன் நகரில் பெட்ரோல் ப்ளோயருக்கு 2022 முதல் தடை. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2024 முதல் தயாராகும் புதிய பெட்ரோல் ப்ளோயரை விற்பதற்கே வழியில்லாமல் விதி வந்தது. அங்கே வேண்டாமென்று விடுகிற பொருளை நாம் இப்போது புதுசாக வாங்கி முற்றத்தில் இறக்குகிறோம்.


பார்வதிபுரம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் மனசு நிறைந்த நன்றி. தம்பி, நான் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சிஸ்டர் சொன்ன நோட்டை ஆரம்பித்துவிட்டேன். நேற்றே நாலு வீட்டில் பேசிப் பார்த்தேன், பின்தெருவில் இரண்டு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அவர்களுக்கும் இதே தொல்லை, கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள்.

மனுவுக்கு முன்னால் இன்னொரு தடவை சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர்களாக இன்னும் எத்தனையோ வருஷம் இருக்க வேண்டியவர்கள். கேட்கப்போவது இவ்வளவுதான்: பெட்ரோல் மெஷினை நிறுத்த வேண்டும், பாதையை மட்டும் வாரியலால் தூத்த வேண்டும், சருகை மரத்து மூட்டிலேயே போட வேண்டும், நின்றுபோன அந்த இரண்டு அக்காமாரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். கம்பு கட்டிய வாரியலை நானே வாங்கித் தருகிறேன் என்று சொல்லப்போகிறேன். வக்கீல் சார், எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் ஒரு பள்ளிக்கூடம் தெரிகிறது, வளாகத்து மதிலிலிருந்து 100 மீட்டருக்குள் வரும் என்றுதான் தோன்றுகிறது. அமைதி மண்டலக் கணக்கில் தூரத்தை எங்கிருந்து அளப்பார்கள், பள்ளிக் கட்டடத்திலிருந்தா, காம்பவுண்டிலிருந்தா?


தக்கலை வக்கீல் எழுதியது:

விதியில் "சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதி" என்றுதான் இருக்கிறது. காம்பவுண்டிலிருந்து அளந்து மனுவில் எழுதுங்கள், ஒரு கைவரைபடமும் இணையுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வாங்க முடிந்தால் ரொம்ப நல்லது, காலை பிரேயர் நேரத்திலும் மெஷின் ஓடுகிறதா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.